சின்னவனின் சனிக்கிழமைகள்

செப்டம்பர் 21, 2024, சனி

இன்று நானும் அவரும் மட்டும் போனோம். முதல் சந்திப்பு பெற்றோருக்குத்தான், சின்னவனை அடுத்த வாரம் கூட்டி வாருங்கள் என்று பிளே தெரபிஸ்ட் (விளையாட்டு வழியே குழந்தைகளின் மனக் கஷ்டங்களுக்கு உதவுபவர்) சொல்லியிருந்தார். பிரசவம், எப்போது பேச ஆரம்பித்தான், தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம் என்று ஒன்று விடாமல் கேட்டார். கடைசியில் 2023 டிசம்பருக்கு வந்தோம். மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லாமல் மாடி வீட்டுக்காரர்களோடு தங்கினோம். அவன் பொம்மைகள் எல்லாம் சாக்கடைத் தண்ணீரோடு போய்விட்டன. அதிலிருந்து வானம் கறுத்தாலே வயிற்றுவலி. எப்போதோ நின்றுபோன படுக்கை நனைப்பதும் திரும்ப வந்துவிட்டது. சிறுநீர்த் தொற்று இல்லை என்று குழந்தை மருத்துவர் பரிசோதித்துச் சொன்ன பிறகுதான் இங்கே வந்தோம்.

நடுவில் போன வேறோர் இடத்தில், "பையன் பயந்தாங்கொள்ளி, வளர்ந்தா சரியாயிடும்" என்று அனுப்பி வைத்தார்கள். ஏழு வயதுக் குழந்தையை, அவன் காதுபடவே! எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

செப்டம்பர் 28, சனி

சின்ன அறைதான். டாக்டர் செட், சமையல் சாமான், குடும்பப் பொம்மைகள், கைப்பாவைகள், முதலை, ஆம்புலன்ஸ், களிமண், பெயிண்ட். தரையில் ஆழமில்லாத ஒரு மரப்பெட்டி நிறைய மணல். பெட்டிக்குள் அடியிலும் ஓரங்களிலும் நீலம் அடித்திருக்கிறார்கள்; மணலை விலக்கினால் தண்ணீர் தெரிவது போல இருக்கும். 1920களின் கடைசியில் லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற குழந்தை மருத்துவர் தன் கிளினிக்கில் தொடங்கிய முறையாம், இப்படி மணலில் பொம்மைகளை வைத்து ஆடுவது. அங்கே வந்த பிள்ளைகளே அதை 'உலகம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்களாம். பிறகு சுவிட்சர்லாந்தில் டோரா கால்ஃப் என்ற உளவியல் சிகிச்சையாளர் அதை வளர்த்தெடுத்திருக்கிறார்.

"ஆன்ட்டி, இதுல நான் என்ன பண்ணணும்?" என்றான்.

"அதை நீயே முடிவு பண்ணலாம். உனக்கும் அடிபடக் கூடாது, எனக்கும் அடிபடக் கூடாது, சாமானை உடைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

கதவு சாத்தப்பட்டது. வெளியே வந்ததும் "என்ன விளையாடினே?" என்று துருவக் கூடாது என்று எங்களுக்கும் சொல்லியிருக்கிறார். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அவன் அப்பாவுக்கு ஆட்டோவில் அதை அடக்கிக்கொள்வது பெரும்பாடாக இருந்தது.

அக்டோபர் 5, சனி

கொலுவுக்குப் பூ கட்டிக்கொண்டே அத்தை கேட்டார்கள்: "விளையாடறதுக்கு ஃபீஸா? மணலைக் கொட்டிக் கொடு, நானே கிச்சுகிச்சு தாம்பாளம் ஆடறேன் அவனோட."

நியாயமான கேள்வி. ஆடட்டும், ஆடவும் வேண்டும். தனக்கு நடந்ததைக் குழந்தை ஆடித்தான் தீர்த்துக்கொள்கிறது. அதற்கு எல்லா நேரமும் தெரபிஸ்ட் தேவையில்லை. ஆனால் பயம் உடம்பில் ஏறி உட்கார்ந்து மாதக்கணக்காக இறங்காதபோது, பயிற்சி பெற்ற ஒருவர், ஒரே கிழமை, ஒரே அறை, அவசரமே இல்லாத முக்கால் மணி நேரம் என்று வேண்டியிருக்கிறது. பிளே தெரபி பற்றி அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் எழுதி வைத்த கொள்கைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: குழந்தை முன்னே போகும், தெரபிஸ்ட் பின்னால் போவார். பொம்மை ஜீப்பை அவன் மணலில் புதைத்தால், "ஏன் புதைக்கிறே?" என்று கேட்கமாட்டார். "ஜீப் உள்ள போயிடுச்சு, யாருமே வரல, பயமா இருக்கும்" என்பார். அவன் உணர்வை அவனுக்கே எடுத்துச் சொல்வது. அத்தை கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்தக் காலத்துல எங்க பாட்டி இப்படித்தான் இருப்பா" என்றார்கள்.

அக்டோபர் 15, செவ்வாய்

நாளைக்கு ரெட் அலர்ட். பள்ளிகளுக்கு லீவு. மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்திவிட்டார்கள். அதைப் பார்த்ததிலிருந்து சின்னவன் ஜன்னலை விட்டு நகரவில்லை.

தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்திருந்த கிறுக்கல் விளையாட்டை எடுத்தேன். இங்கிலாந்தின் வின்னிகாட் என்ற மருத்துவர் குழந்தைகளோடு விளையாடியது. கண்ணை மூடி ஒருவர் ஒரு கோடு கிறுக்க, அடுத்தவர் அதை ஏதாவது ஓர் உருவமாக்க வேண்டும். என் வளைந்த கோட்டுக்கு அவன் கால் போட்டான், மீசை போட்டான். கரப்பான்பூச்சி.

"அன்னிக்கு சுவர் ஃபுல்லா ஏறிச்சேம்மா. என் கழுத்துலகூட."

எனக்குத் தெரியவே தெரியாது. பத்து மாதமாகத் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவன் கழுத்தில் கரப்பான்பூச்சி ஏறியிருக்கிறது. "ஐயோ, இருட்டுல அருவருப்பா இருந்திருக்குமே" என்றேன். "ஆமா" என்று சொல்லிவிட்டு அதற்கு இன்னும் இரண்டு கால் போட்டான்.

நவம்பர் 9, சனி

பெற்றோர் சந்திப்பு. வாராவாரம் ஒரே விளையாட்டு: வீடு கட்டுவது, மூழ்கடிப்பது. இதுவே பயத்தை வளர்த்துவிடாதா என்று கேட்டேன். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு பிள்ளைகள் இப்படித் திரும்பத் திரும்ப ஆடுவது சகஜமாம். ஆட்டத்துக்குள் ஏதாவது மாறுகிறதா என்றுதான் கவனிக்க வேண்டும். மாறாமல் அப்படியே நின்று, முடிக்கும்போது குழந்தை இன்னும் பதறினால், மெதுவாக நானே ஆட்டத்துக்குள் நுழைவேன் என்றார். அவன் சொல்லும் அந்தரங்கங்களை எங்களிடம் சொல்லமாட்டார்; அவன் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வார்.

இன்று சின்னவனே கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பெட்டியைக் காட்டினான். பெரிய மணல்மேடு, அதன் மேல் வீடு. மொட்டை மாடியில் தாத்தா, பாட்டி, குழந்தைகள், ஒரு மாடு.

"மாடும் மேல இருக்கு" என்றேன்.

"அதுக்கு நீச்சல் தெரியும். ஆனா குளிரும்ல?"

நவம்பர் 30, சனி

ஃபெங்கல் புயல். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். இன்றைய செஷன் தள்ளிப்போனது. காலையில் வயிற்றுவலி வந்தது, படுக்கையும் நனைந்தது. ஆனால் மதியம் அப்பாவிடம் போய், "தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்தா நாம மாடிக்குப் போகணும்?" என்று கேட்டான். இருவரும் குடை பிடித்துக்கொண்டு போய் இரண்டாம் படியில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். மழையில் அழிந்தது. பெயிண்ட் எடுத்துப் போய்ப் போட்டார்கள்.

டிசம்பர் 7, சனி

எதிர் பிளாக் அம்மா விசாரித்தார். அவர் மகளுக்கும் போன வருஷத்திலிருந்து தூக்கம் சரியில்லையாம். போகுமுன் எங்கே, எத்தனை காலம் பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள், குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டு பெற்றோரிடம் பேசவே பேசாத இடம் வேண்டாம் என்றேன். முதலில் யாரிடமாவது பேசினால் போதும் என்றால் 14416, அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். இந்த வாரமே கூப்பிடுவதாகச் சொன்னார். எங்களுக்கு அடுத்த செஷன் 14ஆம் தேதி.