நம்பர் ஆயிடுச்சா? மதுரையில் வக்கீல் தேடுபவர்களுக்கு

"மதுரையில நல்ல வக்கீல் யாரு?" என்று கேட்டால் சொந்தக்காரர் பெயர் ஒன்று வரும், இல்லையென்றால் டீக்கடையில் யாரோ சொன்ன பெயர் வரும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று: உங்கள் கேஸ் எந்தக் கோர்ட்டில் நடக்கும், அந்த வக்கீல் தினமும் எந்தக் கோர்ட்டில் நிற்கிறார்?

மதுரையை ஒட்டிய ஒத்தக்கடையில் சென்னை உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலை 24 அன்று திறந்ததிலிருந்து இந்த ஊர் வக்கீல் தொழில் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிட்டது. கன்னியாகுமரியிலிருந்து கரூர், தஞ்சாவூர் வரை 14 மாவட்டத்திலிருந்து உயர் நீதிமன்றத்துக்குப் போகும் ரிட் (அரசு நடவடிக்கையை எதிர்த்துப் போடும் மனு), அப்பீல், ஜாமீன் மனு எல்லாம் அங்கே வரும். சொத்து வழக்கு, செக் கேஸ், விபத்து இழப்பீடு போன்றவற்றின் விசாரணை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலோ மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி கோர்ட்டுகளிலோ நடக்கும். இரண்டு இடத்திலும் காலை பத்தரைக்கு உட்கார்ந்துவிடுவார்கள். கிளையில் ரிட் வாதாடிக்கொண்டிருப்பவர் அதே நேரத்தில் முன்சீப் கோர்ட்டில் (கீழ்நிலை சிவில் கோர்ட்டில்) எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. ஜூனியர் எழுந்து வாய்தா கேட்பார். பெரிய பெயர் இருந்தும் கேஸ் நகராமல் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகவே ஆபீஸில் எத்தனை பேர், எந்தக் கோர்ட்டை யார் பார்க்கிறார்கள் என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

பேங்க் கடன் விஷயம் இந்த இரண்டிலும் சேராது. கடன் பாக்கிக்காக அடமானச் சொத்தை பேங்க்கே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி வீட்டுச் சுவரில் சுவாதீன நோட்டீஸ் (சொத்தைக் கைப்பற்றும் அறிவிப்பு) ஒட்டிவிட்டால் சிவில் கோர்ட்டில் தடை கேட்டுப் பயனில்லை. மதுரையிலேயே கடன் மீட்புத் தீர்ப்பாயம் இருக்கிறது, 45 நாளுக்குள் அங்கே மனு போட வேண்டும். "முன்சீப் கோர்ட்டுல ஸ்டே வாங்கிடலாம்" என்று யாராவது சொன்னால் அவருக்கு அந்த வேலை பழக்கமில்லை என்று அர்த்தம்.

இணையத்தில் நட்சத்திரக் குறி பார்த்துத் தேடுவது வீண். வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்பது வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி 36. பெயர்ப் பலகையில்கூட "இன்ன வழக்கில் நிபுணர்" என்று போடக் கூடாது. சொந்த வெப்சைட்டில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தெந்த வகை வழக்குகள் என்ற அளவுக்கு 2008-ல் அனுமதி கொடுத்தார்கள். வக்கீல்களைப் பட்டியல் போட்டு மதிப்பெண் கொடுக்கும் தளங்களை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றமே 2024 ஜூலையில் கடுமையாக உத்தரவிட்டது. வெற்றி சதவீதம் போட்டிருக்கிற பக்கத்தை நம்ப வேண்டாம்.

நம்பக்கூடியது இ-கோர்ட்ஸ் (கோர்ட்டுகளின் அரசு இணையதளம்) பதிவு. தளத்திலோ ஆப்பிலோ மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் தேர்ந்தெடுத்து, வக்கீல் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டால் அவர் பெயரில் நிற்கும் வழக்குகள் வரும். எண்ணிக்கையை விடுங்கள். உங்கள் வகைக் கேஸ் ஐந்தாறைத் திறந்து வாய்தா வரலாற்றைத் தேதி வாரியாகப் படியுங்கள். சாட்சி விசாரணை என்று போட்ட நாளில் சாட்சி விசாரணை நடந்திருக்கிறதா, வாய்தா வாங்கியது எந்தப் பக்கம்? முடிந்த வழக்குகளில் "ஆஜராகாததால் தள்ளுபடி" என்பது அடிக்கடி வருகிறதா? ஒன்றிரண்டு எல்லோருக்கும் இருக்கும், கட்சிக்காரரே வராமல் போயிருப்பார். வரிசையாக வந்தால் அந்த ஆபீஸில் டைரி பார்க்க ஆள் இல்லை.

ஃபீஸ் பேசும்போது மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்: வக்கீல் ஃபீஸ், கோர்ட் கட்டணம், செலவு. கோர்ட் கட்டணம் 2017-ல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. பத்து லட்சம் பணம் வசூலுக்கு 30,000 ரூபாய். யாராவது 75,000 சொன்னால் பழைய கணக்கு. பாகப்பிரிவினையில் கதை வேறு. சொத்தைக் கூட்டாக அனுபவிக்கிறோம் என்றால் சிறு தொகைதான். உங்களை வெளியே தள்ளிவிட்டார்கள் என்று பிராதிலேயே (வழக்குத் தொடுக்கும் மனுவிலேயே) எழுதிவிட்டால் உங்கள் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்ட வேண்டும். ஒரு வரியால் லட்சக்கணக்கில் மாறும். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசுவது தொழில் விதிப்படி தவறு. விபத்து வழக்குகளில் இந்தப் பேச்சு அதிகம் வரும், அங்கே கவனம்.

உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் வக்காலத்து அச்சடித்த படிவம்தான், ஆனால் படிக்காமல் போடக் கூடாது. ராஜி செய்துகொள்ள, வழக்கை வாபஸ் வாங்க, கோர்ட்டில் இருக்கும் பணத்தைப் பெற்றுக்கொள்ள என்று எல்லா அதிகாரமும் அதில் இருக்கும். பணம் பெறும் வரி வேண்டாமென்றால் அடித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போடுங்கள். நல்ல வக்கீல் இதற்குக் கோபப்பட மாட்டார். வழக்கு எண், தேதி காலியாக இருக்கிற நாலைந்து படிவத்தில் ஒரே மூச்சில் கையெழுத்து வாங்குவது வழக்கமாகிவிட்டது. எதற்கு எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் கெட்டுப்போகிற இடம் இனிமேல்தான். "கேஸ் போட்டாச்சு" என்பார்கள். போட்டது வேறு, கோர்ட் அதை ஏற்று வழக்கு எண் கொடுப்பது, அதாவது நம்பர் ஆனது வேறு. பிராதில் குறை இருந்தால் கோர்ட் ஆபீஸ் ரிட்டர்ன் போடும், அதாவது திருப்பி அனுப்பும்: சர்வே எண் எல்லை விவரம் இல்லை, மூலப்பத்திரம் வைக்கவில்லை, மதிப்பு சரியில்லை என்று. கொடுத்த நாளுக்குள் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்ய வேண்டும். குமாஸ்தா அலமாரியில் அந்தக் கட்டு மாசக்கணக்கில் தூங்கினால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு, இன்னொரு செலவு. அதனால் கேட்க வேண்டிய கேள்வி "நம்பர் ஆயிடுச்சா?" ஆகியிருந்தால் சி.என்.ஆர். எண்ணை (இ-கோர்ட்ஸில் வழக்கைத் தேடும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இடக் குறியீடு) வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு வாய்தா தேதிக்கு யாரையும் தொங்க வேண்டியதில்லை. அடுத்த கேள்வி "பேட்டா கட்டியாச்சா?" எதிர்த்தரப்புக்குச் சம்மன் அனுப்பக் கட்டும் கட்டணம்தான் பேட்டா, அதைக் கட்டாமல் சம்மன் போகாது. சம்மன் போகாமலே வழக்கு தள்ளுபடியும் ஆகும்.

செக் கேஸில் தயங்க நேரமே கிடையாது. செக் திரும்பியதாகச் சொல்லும் பேங்க் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது சேர்ந்ததிலிருந்து 15 நாள் காத்திருப்பு, அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். சிவில் வழக்கில் எதிர்ப்பிராதுக்கு (பிராதுக்குப் பிரதிவாதி எழுதும் பதிலுக்கு) 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90 வரை. நீங்கள் ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்சத்) தீர்ப்பு ஆகிவிட்டால் ரத்து செய்யக் கேட்க 30 நாள்.

வக்கீல் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். ஃபீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமையில்லை என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் மீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது, உச்ச நீதிமன்றத்தின் 2024 மே மாதத் தீர்ப்பு அந்த வழியை அடைத்துவிட்டது. தொழில் ஒழுங்கீனம் என்றால் மாநில பார் கவுன்சிலில் வக்கீல்கள் சட்டம் பிரிவு 35-ன்படி புகார். கட்டு வரவே இல்லையா, நகல் மனு போட்டுக் கோர்ட்டிலிருந்தே சான்றிட்ட நகல் எடுக்கலாம். கேஸ் முடிந்து அப்பீல் காலமும் தாண்டிய பிறகு, சான்றாவணமாகக் குறித்த உங்கள் அசல் பத்திரம் கோர்ட் ரெக்கார்டிலேயே கிடக்கும். அதைத் திரும்ப வாங்கத் தனி மனு போட வேண்டும், தானாக வீட்டுக்கு வராது.