"அப்புறம் ஆயா?"

பெரியம்மா கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே பேத்தியிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், நாகை பக்கத்து அக்கரைப்பேட்டை.

எப்போதுமே அந்தக் கதை அடுப்பில் குழம்பு கொதிக்கிற இடத்தோடு நின்றுவிடும். "புளி கரைச்சு ஊத்துனேன்..." என்பார், எழுந்து உள்ளே போய்விடுவார்.

இன்று சின்னது விடவில்லை. "அப்புறம் ஆயா?"

தண்ணீர் வந்தது, பெரியப்பாவின் கை வழுக்கியது, மாடியில் ஈரச்சேலையோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தது, மறுநாள் யாரோ கொடுத்த டீயில் சர்க்கரை ஜாஸ்தி என்பது வரை சொல்லிவிட்டார்.

அந்த டீயை நான் கேள்விப்பட்டதே இல்லை.

நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நாங்களோ "அதை ஞாபகப்படுத்தாதே" என்றே இருபது வருஷத்தை ஓட்டிவிட்டோம்.

தரையில் ஒரு கயிற்றை வாழ்க்கையாக நீட்டி, கெட்டதற்குக் கல், நல்லதற்குப் பூ வைத்து, பிறந்ததிலிருந்து வரிசையாகச் சொல்லவைக்கிற சிகிச்சை ஒன்று உண்டு. சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் பிள்ளைகளுக்கு அதைச் செய்தார்கள். துண்டு துண்டாகக் கிடக்கிற பயத்துக்கு ஒரு முன்னும் பின்னும் கிடைக்குமாம். இங்கே கயிறுமில்லை, கல்லுமில்லை, ஒரு "அப்புறம்" மட்டும்தான்.

சொல்லி முடித்து அப்படியே திண்ணையில் சாய்ந்தவர் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. பகலில் அவர் தூங்கி நான் பார்த்ததே கிடையாது.

கருவாட்டுக்குக் காக்கா விரட்டியது நான்தான்.