இனி காலையில் இரண்டு மாத்திரை

எங்கள் மருந்தகத்தில் தைராய்டு குறைபாட்டுக்குத் தரும் 50 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் மாத்திரையின் வரத்து திடீரென்று நின்றுபோனது. கையில் இருந்தது 25 மட்டுமே. மருத்துவர்கள் கூடிப் பேசி, 50 எடுப்பவர்களுக்கு 25 மைக்ரோகிராமில் இரண்டு மாத்திரை கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். கணக்கு எளிது. அதை நோயாளிகளிடம் சொல்லிப் புரியவைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

முதலில் ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டினோம். மருந்து வாங்க வருகிறவர்கள் சுவரைப் படிப்பதில்லை. டோக்கன் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அதனால் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினேன்.

'மாத்திரை மாறியிருக்கிறது' என்று ஆரம்பித்தால் எதிர்முனையில் பதற்றம்: "நோய் முற்றிவிட்டதா?" எனவே தொடக்கத்தை மாற்றினேன். "நீங்கள் எடுக்கும் மருந்தின் அளவு மாறவில்லை. ஒரு மாத்திரையில் இருந்தது இப்போது இரண்டு மாத்திரையில் வருகிறது." மைக்ரோகிராம் பற்றிப் பேசுவதையும் குறைத்துக்கொண்டேன். பெரும்பாலானோருக்குத் தங்கள் மாத்திரையின் நிறமும் எண்ணிக்கையும்தான் நினைவிருக்கின்றன.

"புரிந்ததா?" என்ற கேள்வியால் பயனில்லை, எல்லோரும் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள். "நாளைக் காலையில் எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஒரு பெரியம்மா தயங்காமல் சொன்னார்: "காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று." இரண்டு என்றால் இரண்டு வேளை என்பது அவருடைய பல வருடப் பழக்கம். "இல்லையம்மா, இரண்டையும் சேர்த்து, காலையில் வெறும் வயிற்றில், பலகாரத்துக்கு அரை மணி நேரமாவது முன்னால்" என்றேன். அன்றிலிருந்து 'சேர்த்து' என்ற சொல்லை யாரிடமும் விடவில்லை.

எனக்கு அதிகக் கவலை தந்தது வீட்டில் மிச்சமிருந்த பழைய அட்டைகள்தான். பழைய 50-இல் இரண்டு போட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். இந்த மருந்து உடலிலிருந்து பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மெல்லச் சேரும் என்பதால், படபடப்பும் கைநடுக்கமும் வரும்போது மாத்திரைமேல் யாருக்கும் சந்தேகம் எழாது. எனவே பழைய அட்டையை ஒன்று ஒன்றாகவே முடித்துவிட்டுப் புதியதைப் பிரிக்கச் சொன்னேன். புதிய அட்டை ஒவ்வொன்றிலும் '25 – காலையில் 2 சேர்த்து' என்று பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்தோம். வேறு கடையில் 50 வாங்க நேர்ந்தால் ஒன்றுதான் போட வேண்டும் என்பதை மருந்துச்சீட்டிலேயே குறித்தோம்.

இன்னொன்று: பல வீடுகளில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர் மகளோ மருமகளோதான். நோயாளியிடம் மட்டும் சொல்லிவிட்டு வைப்பது பாதி வேலை. "மாத்திரை எடுத்துத் தருகிறவரிடம் ஒரு நிமிடம் கொடுங்கள்" என்று கேட்க யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மாத்திரையின் கம்பெனியும் மாறியவர்களுக்கு, மருந்தளவு சரியா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனைக்கு ஆறு முதல் எட்டு வாரங்களில் வரச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

சில மாதங்கள் கழித்து 50 திரும்ப வந்தது. நியாயமாக மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு போட்டுப் பழகியவர்களை ஒன்றுக்குத் திருப்புவது முந்தையதைவிட ஆபத்தான வேலை. மருத்துவர்களிடம் பேசி, 25 கையிருப்பு உள்ளவரை அதையே தொடர்வது என்றும், அடுத்த பரிசோதனைக்கு நேரில் வரும்போது ஒவ்வொருவராக மாற்றுவது என்றும் முடிவு செய்தோம். தொலைபேசியில் இந்த மாற்றத்தைச் சொல்ல நான் சம்மதிக்கவில்லை.