அடைப்புக்கு அப்பால் ஒரு எண்

இதயப் பிரிவில் ரத்தக்குழாய்ப் பரிசோதனை செய்யும் டெக்னீஷியன் நான். ஆஞ்சியோ முடித்து, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அடைப்பு எத்தனை சதவீதம் என்பது மனப்பாடம். கூட வருகிறவர்களும் ஒப்பிப்பார்கள். இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரிக் குழாய்கள் கிளம்புகிற மகாதமனி, அதாவது இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய், எவ்வளவு விறைத்திருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதை அளப்பதே என் வேலை என்பதால் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம்.

சோதனையில் வலி கிடையாது. சற்று நேரம் பேசாமல் படுத்திருக்க வேண்டும். அதற்கு முன் காபி, சிகரெட் கூடாது. கழுத்து நாடியிலும் தொடை இடுக்கிலும் சென்சாரை வைத்து, துடிப்பின் அலை இரண்டு இடத்துக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தைப் பிடிப்போம். தூரத்தை டேப்பால் அளந்து, நேரத்தால் வகுத்தால் அலையின் வேகம் வந்துவிடும். குழாய் விறைக்க விறைக்க வேகம் கூடும். தொப்பை உள்ளவர்களிடம்தான் பாடு: டேப் வயிற்றின் வளைவோடு போனால் தூரம் கூடி, வேகமும் பொய்யாகக் கூடிவிடும். அளந்த நேர்த்தூரத்தில் 80 சதவீதத்தை மட்டும் கணக்கில் எடுக்கச் சொல்லி 2012-இல் நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்தது. அதோடு, இதற்கு மேல் போனால் விறைப்பு என்று எடுத்துக்கொள்ளும் எல்லையும் நொடிக்கு 12 மீட்டரிலிருந்து 10 ஆனது. எனவே பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுகிறவர்கள், அது எந்த முறையில் அளந்தது என்று முதலில் பாருங்கள்.

சரி, விறைத்தால் என்ன? நல்ல மகாதமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து கொஞ்சம் ரத்தத்தைத் தேக்கிக்கொள்ளும். இதயம் தளரும்போது சுருங்கி அதை முன்னே தள்ளும். இதயத் தசைக்குப் பெரும்பங்கு ரத்தம் போவது அந்தத் தளரும் நேரத்தில்தான். வெயிலில் கிடந்து விறைத்த ரப்பர் குழாய் மாதிரி ஆகிவிட்டால் இந்தத் தேக்கம் நடக்காது. மேல் பிபி ஏறும், கீழ் பிபி இறங்கும். இதயத்துக்கு வேலை அதிகம், அதற்குக் கிடைக்கும் ரத்தமோ குறைவு. ஏற்கெனவே கரோனரி அடைப்பு உள்ளவருக்கு இது இரட்டைச் சுமை.

ஒரு அம்மா 160-க்கு 60 என்ற பிபியோடு வந்தார். "கீழே நல்லா குறைஞ்சிருக்கு இல்ல சிஸ்டர்?" என்று மகனுக்கு ஒரே சந்தோஷம். இரண்டுக்கும் இடையில் 100 இருக்கிறதே என்றுதான் எனக்கு ஓடியது. முதியவர்களிடம் அந்த இடைவெளி 60-ஐத் தொட்டாலே விறைப்பின் அடையாளமாக ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் எடுத்துக்கொள்கின்றன. இதற்கு என் கருவிகூடத் தேவையில்லை, கழித்தல் கணக்கு போதும். நான் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் பார்க்கட்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

'வயசானா எல்லாருக்கும் விறைக்கும்தானே' என்பார்கள். உண்மைதான். ஆனால் 2010-இல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வயது, பாலினம் போன்றவற்றின் பாதிப்பைக் கணக்கிட்டு நீக்கிய பிறகும், அலை வேகம் நொடிக்கு 1 மீட்டர் கூடினால் இதய, ரத்தநாளப் பாதிப்புகளின் அபாயம் சுமார் 14 சதவீதம் கூடியது. ஏற்கெனவே ஆபத்தில் இருப்பவர்களிடம் இந்தத் தொடர்பு இன்னும் வலுவாகத் தெரிந்தது.

அதற்காக இந்த எண்ணைத் துரத்தி மாத்திரையைக் கூட்டினால் ஆயுள் நீளும் என்று சொல்ல மாட்டேன். உயர் ரத்த அழுத்தக்காரர்களிடம் பிரான்சில் அப்படிச் செய்து பார்த்த ஸ்பார்ட் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. விறைப்பு ஏறும் வேகம் குறைந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.