தானா அப்டேட் ஆகறதும் நாமளா பண்றதும்

கேம் அப்டேட்டெல்லாம் தானா ஆகணுமா நாமளா பண்ணணுமான்னு கேட்டா என் மாமா பையன் யோசிக்கவே மாட்டான், "தானா ஆகட்டும் விடுடா"ம்பான். அவனுக்கென்ன, சேலத்துல அஸ்தம்பட்டில வீடு, ஃபைபர் லைன். நான் இருக்கறது மலை மேல, ஏற்காட்டுல நாகலூர் பக்கம். மழை பிடிச்சா கரண்ட் போயிரும், நெட்டுன்னா போன் ஹாட்ஸ்பாட்டு, ஒரு நாளைக்கு 2 ஜிபி. இத வச்சுகிட்டு 20 ஜிபி அப்டேட்ட எங்க போய் இறக்கறது.

நாலு பேரோட ஆன்லைன்ல ஆடற கேம்னா பேச்சே இல்ல, எல்லார்கிட்டயும் ஒரே வெர்ஷன் இருந்தாத்தான் ஆட முடியும், தானாவே ஆகிட்டு போகட்டும். என் சண்டையெல்லாம் தனியா ஆடற கேமுக்குத்தான், அதுலயும் மோட், அதாவது ஆடறவங்களே கேம்ல மாத்தி சேக்கற ஃபைலு, போட்டு ஆடறவங்களுக்கு.

ஃபால்அவுட் 4 எடுத்துக்கங்க. 2015ல வந்த கேம். 2024 ஏப்ரல் 25ஆம் தேதி பெரிய அப்டேட் ஒண்ணு விட்டாங்க. அந்த கேமுக்கு ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர்னு ஒண்ணு இருக்கு, நிறைய மோடு ஓடறதுக்கு வேணுங்கற துணை புரோகிராம், அது கேமோட இஎக்ஸ்இ (கேம ஓட்டற மெயின் ஃபைல்) எந்த வெர்ஷனோ அதுக்குன்னே எழுதினது, இஎக்ஸ்இ மாறினா அதுவும் படுத்துரும் அத நம்பி இருக்கற மோடுகளும் படுத்துரும், அப்படித்தான் ஆச்சு. ஃபால்அவுட் லண்டன்னு ஒரு பெரிய மோட் அதே வாரம் வரவேண்டியது, ஜூலைக்கு தள்ளிப்போச்சு. வந்தப்புறமும் ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடைல கேம் வச்சிருந்தவங்க பழைய வெர்ஷனுக்கு இறக்கிட்டுத்தான் ஆட முடிஞ்சுது!

ஜிடிஏ 4 கதை இன்னும் மோசம். பாட்டு லைசென்ஸ் முடிஞ்சுபோச்சுன்னு 2018ல ரேடியோல இருந்து கொஞ்சம் பாட்ட அப்டேட் வழியாவே தூக்கிட்டாங்க. காசு குடுத்து முன்னாடியே வாங்கினவனுக்கும் சேத்துத்தான்.

ஸ்டீம்ல 'ஓபன் பண்ணும்போது மட்டும் அப்டேட் பண்ணு'ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, நிறைய பேரு இதத்தான் மேனுவல்ங்கறாங்க. எனக்கு அது மேனுவலே இல்லைங்க. கடன்காரன் வாசல்ல நிக்காம தெருமுனைல நிக்கறான், அவ்ளோதான் வித்தியாசம், கேம ஓபன் பண்ணப்போனா முதல்ல அப்டேட்டு, அப்புறம்தான் ஆட்டம். வேண்டாம்னு சொல்ல ஒரு பட்டன் கிடையாது. சில கம்பெனிங்க ஸ்டீம்ல கேமோட செட்டிங்ஸ்ல இருக்கற பீட்டா டேப்ல பழைய வெர்ஷன விட்டு வச்சிருப்பாங்க, பாரடாக்ஸ் கம்பெனி கேம்ல பாக்கலாம், ஆனா அது அவங்க மனசு வச்சாத்தான்.

ஜிஓஜின்னு இன்னொரு கேம் கடை இருக்கு, அது இதுல தேவல. அவங்க கேலக்ஸி ஆப்ல ஆட்டோ அப்டேட்ட ஆஃப் பண்ணிக்கலாம், நிறைய கேமுக்கு பழைய வெர்ஷனுக்கு திரும்பிக்கலாம், ஆஃப்லைன் இன்ஸ்டாலர டவுன்லோட் பண்ணி ஹார்ட் டிஸ்க்ல போட்டுட்டா அப்புறம் அதுல யாரும் கை வைக்க முடியாது.

ஸ்டீம்லயும் ஒரு நல்ல விஷயம் இருக்கு, 2023ல வந்தது. ஒரே நெட்வொர்க்ல இன்னொரு கம்ப்யூட்டர்ல அதே கேம் இருந்தா அங்கருந்தே காப்பி பண்ணிக்கும், நெட் டேட்டா ரொம்ப செலவாகாது. அதனால பெரிய அப்டேட்டுன்னா லேப்டாப்ப பைல போட்டுகிட்டு 20 ஹேர்பின் இறங்கி மாமா வீட்டுக்கு போயிருவேன், அவன் மெஷின்லதான் எல்லாம் தானா ஆகி ரெடியா இருக்குமே, அத்தை கையால சாப்பாடும் ஆச்சு.