தானாக விட்டவர்

ஒட்டுக்கடையில் காலையிலேயே அரசியல். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் அது இல்லாமல் தேத்தாரே இறங்காது. "பதவியை யாருண்ணே தானா விடுறா?" என்றான் ஒரு தம்பி.

டிஏபி (ஜனநாயக செயல் கட்சி) மூத்த தலைவர் லிம் கிட் சியாங் விட்டாரே! 1969இல் பண்டார் மலாக்கா தொகுதியில் ஜெயித்து எம்பி ஆனவர். விசாரணை இல்லாமலே உள்ளே வைத்த இசா சட்டத்தில் இரண்டு முறை உள்ளே போனவர், 1999இல் தோற்றும் திரும்பி வந்தவர். 2022 மார்ச்சில், 81 வயதில், இஸ்கந்தர் புத்ரி தொகுதி கையில் இருக்கும்போதே 'இனி நிற்கமாட்டேன்' என்றுவிட்டார்.

நம்ம ஊர்க் கதை வேறு. மலேசிய இந்தியர் காங்கிரசின் சாமிவேலு 1974இல் இங்கே எம்பி ஆனார். 2008இல் டாக்டர் ஜெயக்குமாருக்கு ஓட்டுப் போட்டு நாம்தான் சாமிவேலுவை வீட்டுக்கு அனுப்பி வைத்தோம். (எங்கள் வீட்டிலேயே அன்று இரண்டு கட்சி!) எனக்கென்னவோ கிட் சியாங் போன விதம்தான் அழகு.

"அவர் மகன் குவான் எங் இன்னும் நிக்கிறாருல்ல?" என்றார் பக்கத்து மேசைப் பெரியவர். அதுவும் சரிதான்.