தொண்டைக்குள் ஒரு தவளை: ஜார்ஜியாவில் ஒரு வாரம்

செப்டம்பர் 24, 2024, செவ்வாய், திபிலிசி

ஜார்ஜியா போகிறேன் என்றதும் அம்மா, "அமெரிக்காவுக்கா?" என்றார். இல்லம்மா, இது ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் நடுவில் இருக்கிற நாடு என்றேன். "அங்கே என்ன சாப்பிடுவே?" அம்மாவுக்கு நாடு எங்கே இருந்தாலும் அடுத்த கேள்வி இதுதான். ஷார்ஜாவிலிருந்து தலைநகர் திபிலிசிக்கு மூன்றரை மணி நேரப் பயணம். கைக்கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம், இரண்டு ஊரிலும் ஒரே நேரம்.

மாலை அபனோதுபானி போனோம். தரையோடு தரையாகச் செங்கல் குவிமாடங்கள், உள்ளே கந்தக வெந்நீர்க் குளியல். தெருவெல்லாம் அவித்த முட்டை வாசம். 'திபிலி' என்றால் வெதுவெதுப்பு, ஊருக்குப் பெயர் வந்ததே இந்த வெந்நீரால்தானாம்.

இரவு ஹின்காலி. நம் கொழுக்கட்டையைப் பெரிதாகச் செய்து, மேல்பக்கம் புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாகச் சுருக்கி ஒரு குடுமி வைத்தால் அதுதான். உள்ளே இறைச்சியும் கொதிக்கும் சாறும். முள்கரண்டியால் குத்தினால் சாறு தட்டோடு போச்சு. குடுமியைப் பிடித்துத் தூக்கி, ஓரமாக ஒரு சின்னக் கடி கடித்து, முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும், அப்புறம்தான் மிச்சம். குடுமியைத் தின்னாமல் தட்டில் விட்டுவிடுகிறார்கள். சாப்பிட்டு முடிக்கும்போது யார் எத்தனை தின்றார்கள் என்று எண்ணலாம். எனக்கு ஒன்பது. முதல் இரண்டின் சாறு என் சட்டையில். கூட வந்த நண்பன் சைவம், அவனுக்கு உருளைக்கிழங்கு வைத்தது கிடைத்தது.

செப்டம்பர் 25, புதன், ஸ்டெபான்ட்ஸ்மிண்டா

திதுபே நிலையத்திலிருந்து மார்ஷ்ருத்கா, அதாவது நம் ஊர் ஷேர் வேன். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். மூன்று மணி நேரம் என்றார்கள், ஐந்தேகால் ஆனது. ரஷ்ய எல்லைக்குப் போகிற ஒரே முக்கியச் சாலை இது, சரக்கு லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையாக நிற்கின்றன. இந்த நாட்டுப் பணத்துக்குப் பெயரும் லாரிதான். "கையில லாரி இல்ல, ரோட்டுல பூரா லாரி" என்று நண்பன் சொன்னதற்குச் சிரிக்க வேனில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

வழியில் நீர்த்தேக்கக் கரையில் அனானுரி கோட்டை, பத்து நிமிடம். 2,300 மீட்டருக்கு மேலே ஜ்வாரி கணவாய், மூடுபனி. ஊருக்கு வந்தால் கஸ்பெக் சிகரம் இருக்க வேண்டிய திசையில் முழுக்க மேகம்.

செப்டம்பர் 26, வியாழன்

நாள் முழுக்க மழை. விருந்தினர் இல்லத்துப் பாட்டி அடுப்பை மூட்டிவிட்டு எங்களையும் சமையலறையிலேயே உட்காரவைத்துவிட்டார். பத்து வயதுப் பேத்திதான் மொழிபெயர்ப்பாளர்.

இங்கே 'மாமா' என்றால் அப்பா. 'தேதா' என்றால் அம்மா. 'பூரி' என்றால் ரொட்டி! எங்கள் ஊரில் மாமா என்றால் அம்மாவின் தம்பி, பூரி என்றால் உப்பிக்கொண்டு வரும், கிழங்கோடு தின்போம் என்று விளக்கியதில் பாட்டி ரொம்பவே குழம்பிப்போனார். காலையில் தெருமுனைக் கடையில் இவர்கள் பூரி சுடுவதைப் பார்த்தேன். கிணறு மாதிரி ஒரு மண் அடுப்பு. சுடுகிறவர் இடுப்புவரை உள்ளே கவிழ்ந்து மாவைச் சுவரில் அறைகிறார், கால் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பி அந்தரத்தில் நிற்கின்றன.

மதியம் மண்சட்டியில் லோபியோ. ராஜ்மா மாதிரிப் பயறைக் குழைய வேகவைத்து, வால்நட்டும் கைநிறையக் கொத்தமல்லியும் போட்டது. ஊரைவிட்டு வந்தபின் கொத்தமல்லியை அள்ளிப் போடுகிற சமையல் கண்டதே சந்தோஷம். தொட்டுக்கொள்ளச் சோள மாவு அடை. நண்பன் மூன்று சட்டி காலி செய்தான்.

அப்புறம் தவளை, இவர்கள் ஊர் நாக்குப் பிறழும் வாக்கியம். 'பக்காக்கி த்ஸ்கால்ஷி கிகினெப்ஸ்' என்றால் 'தவளை தண்ணீரில் கத்துகிறது'. பேத்தி என்னைச் சொல்லச் சொன்னாள். நானும் சொன்னேன். அவளும் பாட்டியும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். நமக்கு ஒரே ஒரு க. இவர்களுக்கு எங்கள் காதில் க மாதிரியே விழும் எழுத்துகள் நாலைந்து இருக்கின்றன, அதில் ஒன்று அடித்தொண்டையில் கோழிமுள் சிக்கியதுபோல வெடிக்க வேண்டும். பதிலுக்கு 'ஏழைக் கிழவன் வாழைப்பழம்' கொடுத்தேன். ழ வரவில்லை, 'ஏரை கிரவன்' என்றாள். அதோடு கணக்குத் தீர்ந்தது.

செப்டம்பர் 27, வெள்ளி

ஆறே முக்காலுக்குப் பாட்டி கதவைத் தட்டினார். ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னலைக் காட்டினார். கஸ்பெக், ஐயாயிரம் மீட்டருக்கும் மேலே, உச்சியில் மட்டும் மஞ்சள் வெயில். பல் துலக்கும் பிரஷ்ஷோடு அப்படியே நின்றேன். இருபது நிமிடத்தில் மறுபடி மேகம்.

பிறகு கெர்கெட்டி தேவாலயத்துக்கு நடந்தே ஏறினோம். 14-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 2,170 மீட்டர் உயரம். ஜீப் போகிற ரோடு இருக்கிறது, ஆனாலும் நடங்கள். அரைக்கால் சட்டையோடு உள்ளே விடமாட்டார்கள், இந்தக் குளிரிலும் அதைத்தான் போட்டு வந்திருந்தான் நண்பன். பையிலிருந்து கைலியை எடுத்துக் கட்டிக்கொண்டான். யாரும் தடுக்கவில்லை. உள்ளே மெழுகுவர்த்தி வெளிச்சமும் கல்லின் ஈரமும்தான்.

செப்டம்பர் 28, சனி

திரும்பும் பயணம். மீண்டும் லாரிகள். கிளம்பும்போது பாட்டி ஒரு பொட்டலம் கொடுத்தார். திபிலிசி மெட்ரோவில் "அண்ணா, ஊர்ல எங்க?" என்று ஒரு குரல். இங்கே மருத்துவம் படிக்கிற பையன், திருச்சி.

செப்டம்பர் 29, ஞாயிறு, ககேதி

திராட்சை அறுவடைக் காலம். க்வெவ்ரி பார்த்தோம், கழுத்துவரை மண்ணில் புதைத்த பெரிய தாழி. எனக்கு ஆதிச்சநல்லூர்தான் ஞாபகம் வந்தது, ஆனால் இதற்குள் இருப்பது வைன். தோலும் விதையுமாக ஊற்றி மூடிவிட்டால் ஐந்தாறு மாதத்தில் தேன் நிறத்தில் வருகிறது. இந்த நாட்டில் 8,000 ஆண்டுப் பழைய பானைத் துண்டுகளிலேயே வைன் தடயம் கிடைத்திருக்கிறது. எனக்கு அந்தத் துவர்ப்பு பிடிக்கவில்லை, பழைய டீ மாதிரி இருந்தது. வால்நட்டை நூலில் கோத்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் தோய்த்த சுர்ச்ஹேலா பிடித்தது, பார்க்க மெழுகுவர்த்தி மாதிரி.

இந்தப் பகுதியின் ராணி கெதேவன், மதம் மாற மறுத்ததால் 1624-ல் ஈரானின் ஷிராஸில் கொல்லப்பட்டவர். அவர் எலும்பில் ஒரு பகுதியைப் பாதிரியார்கள் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். ஹைதராபாத் விஞ்ஞானிகள் மரபணுச் சோதனை செய்து அது பெரும்பாலும் அவருடையதுதான் என்று சொல்ல, 2021-ல் இந்தியா அதை இங்கே கொண்டுவந்து கொடுத்தது. இந்தியா என்றதும் டிரைவர் முதலில் சொன்னதே இதைத்தான்.

செப்டம்பர் 30, திங்கள், ஷார்ஜா

பாட்டியின் பொட்டலத்தைப் பிரித்தோம். உத்ஸ்ஹோ சுனெலி, அப்படியென்றால் 'அயல்நாட்டு மசாலா' என்று பேத்தி சொல்லியிருந்தாள். முகர்ந்தால் வெந்தயம்! வெந்தயத்தின் நீலப்பூ வகைதானாம் அது. ராத்திரிப் புளிக்குழம்பில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தோம், கசப்பே இல்லை. நண்பன் குளியலறையில் தவளையைப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறான்.